நாலு முதல் இருபது வரை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறியிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே போகலாம் என்று உற்சாகமாக ஆரம்பிப்பவர்கள் முப்பதைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஜன்னல் ஓர சீட்டுக்கு அந்த பஸ்ஸில் தனி மரியாதை.

மேலே போனால் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், மிளகு, பலாப்பழம், வல்வில் ஓரி சிலை. இன்னொருத்தியும் இருக்கிறாள். கொல்லிப்பாவை. சங்க காலத்திலிருந்தே இவளைப் பற்றிப் பேச்சு. நெருங்கி வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள், சிரித்தே கொல்வாள் என்று ஒரு கதை. தானே அசையும் பொம்மை என்று இன்னொரு கதை. ஆனால் நற்றிணையில் பரணர் பாடிய 201ஆம் பாட்டு சொல்வது வேறு. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி இடித்தாலும், ஏன், பூமியே கிளர்ந்து ஆடினாலும் அந்தப் பாவையின் உருவம் மாறாதாம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காற்று, மழை, இடி, நிலம் நாலுக்கும் அசையாத ஒன்றை உண்டாக்க நம் காலத்து இன்ஜினீயர்களும் ரொம்ப வருஷம் பாடுபட்டார்கள். அது சிலை அல்ல. ஒரு சேதி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர், கொதிகலனில் எவ்வளவு சூடு என்று ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அறைக்குக் கம்பி வழியாகப் போகிற சேதி. காற்றையும் மழையையும் சீக்கிரமே ஜெயித்துவிட்டார்கள். கடைசி வரை தண்ணி காட்டியது நாலாவது ஆள்தான். நிலம்!

கொல்லிமலைக்கும் இந்தச் சேதிக்கும் பாவையைத் தவிர இன்னொரு சம்பந்தம் உண்டு. இந்த மலையின் தலையில் பாக்சைட் இருக்கிறது. அலுமினியத்தின் தாய்க்கல். சேர்வராயன் மலையிலும் உண்டு. இரண்டு இடத்திலிருந்தும் கல்லை வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ. இத்தாலியின் மாண்டெகாத்தினி கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1965ல் உற்பத்தி தொடங்கிய ஆலை. அலுமினியம் என்பது பாதி கல், பாதி கரண்ட் என்று சொல்வார்கள். ஒரு டன் உலோகத்துக்குச் சுமார் நாலு டன் பாக்சைட்டும், 15,000 யூனிட் மின்சாரமும் வேண்டும். மலையும் அணையும் பக்கத்தில் இருந்தது மேட்டூரின் அதிர்ஷ்டம்.

அப்படிப்பட்ட ஆலைக்குள் ஒரு நடை போய்வரலாம், வாருங்கள்.

முதல் பாதி சமையல்கட்டு. அரைத்த பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் போட்டு அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். செம்மண் சகதி அடியில் தங்க, தெளிந்த கரைசலிலிருந்து வெள்ளை மாவாக அலுமினா பிரிகிறது. தொட்டி, குழாய், பம்ப் எல்லாவற்றிலும் சுடச்சுட காஸ்டிக். மேலே பட்டால் தோல் போய்விடும். ஏணி ஏறி எட்டிப் பார்த்து அளவு சொல்லுகிற வேலை இல்லை இது.

இரண்டாவது பாதி மின்சார பூதத்தின் வீடு. பெரிய பெரிய இரும்புப் பானைகள் வரிசையாக நிற்கும். பாட் என்பார்கள். ஒவ்வொன்றிலும் 950 டிகிரிக்கு மேல் கொதிக்கிற கிரையோலைட் குழம்பு. அதில் அலுமினாவைக் கரைத்துக் கரண்ட் விட்டால் அடியில் உலோகம் சேர்கிறது. 1886ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறை. ஒரு பானைக்கு நாலைந்து வோல்ட்தான், ஆனால் பல்லாயிரம் ஆம்பியர். நூறு பானையைத் தொடராகக் கோத்தால் நானூறு ஐந்நூறு வோல்ட் ஆகிவிடும். அந்தக் கூடத்துக்குள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பார்கள். காந்தப்புலம் அதைப் பதம் பார்த்துவிடும்.

நம் வீட்டில் எர்த் கம்பி நம்மைக் காப்பாற்றுகிறது அல்லவா? பானைக் கூடத்தில் தலைகீழ். அங்கே தரையையே மின்காப்பு செய்து வைத்திருப்பார்கள். ஒரு கை பானையிலும் இன்னொரு கை பூமியோடு தொடர்புள்ள இரும்பிலும் பட்டால் ஆள் காலி. பூமி அந்தக் கூடத்துக்குள் வரக்கூடாத விருந்தாளி.

இந்தக் களேபரத்தின் நடுவில்தான் நம் சேதிக் கம்பியும் போக வேண்டும். அதில் ஓடுவது எவ்வளவு தெரியுமா? ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் நாலு பங்கிலிருந்து இருபது பங்கு வரை. நாலு முதல் இருபது மில்லிஆம்பியர். யானைக் கூட்டத்துக்கு நடுவில் எறும்பு ஊர்வலம். அந்த எறும்பு மிதிபடாமல் போவது எப்படி என்பதற்கு ஒரு 180 வருஷக் கதை இருக்கிறது.

கதை தந்தியில் ஆரம்பிக்கிறது. மின்சாரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போன கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. 1838ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் ரயில் தண்டவாளத்தையே கம்பியாக உபயோகிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்திலிருந்து கரண்ட் மண்ணுக்குள் ஒழுகியது. மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. மண் வழியாகக் கரண்ட் போகும் என்றால் திரும்பி வருவதற்கு இரண்டாவது கம்பி எதற்கு என்று யோசித்தார். இரண்டு பக்கமும் ஒரு தகட்டைப் புதைத்தால் முடிந்தது. பூமாதேவியே இலவசக் கம்பி!

மறு வருஷமே, 1839ல், நம் கல்கத்தாவில் ஓஷாக்னஸி என்ற ஐரிஷ் டாக்டர் 21 மைல் கம்பி கட்டித் தந்தி பரிசோதனை செய்தார். ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே சுற்றின் ஒரு பகுதியாக்கினார். மருத்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆள். 1851ல் கல்கத்தா-டயமண்ட் ஹார்பர் தந்தி, அதன்பின் சில வருஷங்களில் ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் அவர் தலைமையில் கட்டியவை. அந்தத் தந்திக்கு 2013 ஜூலையில் மங்களம் பாடியபோது தந்தி ஆபீஸ் வாசலில் கடைசித் தந்தி கொடுக்கக் கூட்டம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அரைவாசிக் கம்பி மிச்சம் என்றால் எவ்வளவு பணம் மிச்சம்! உலகம் முழுக்க தந்திக்காரர்கள் மண்ணை நம்பினார்கள். மண் தன் சொந்த சரக்கையும் அனுப்பும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. 1859 செப்டம்பரில் சூரியனில் ஒரு பெரிய புயல். பூமியின் காந்தம் ஆடியது. மண்ணுக்குள் கரண்ட் ஓடியது. அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லாண்டு தந்தி ஆபரேட்டர்கள் இரண்டு பேரும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பூமியிலிருந்து வந்த கரண்ட்டை வைத்தே இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பேட்டரி இல்லாமலே கம்பியில் கரண்ட் வருகிறது என்றால், வருவது நண்பன் அனுப்பிய சேதியா, மண் அனுப்பியதா?

டெலிபோன் வந்ததும் இது வேடிக்கையாக இல்லை. ஆரம்ப கால டெலிபோனும் ஒற்றைக் கம்பிதான், மீதி மண். ஊருக்குள் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. டிராமின் கரண்ட்டும் தண்டவாளம் வழியாக மண்ணில் கலந்தது. ரிசீவரைக் காதில் வைத்தால் மனைவியின் குரலுக்குப் பதில் டிராமின் உறுமல். (இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அந்தக் காலத்துக் கணவர்கள் சொல்லியிருப்பார்கள், விடுங்கள்.) நம் சென்னையில் மின்சார டிராம் 1895ல் வந்து 1953 வரை ஓடியது. பல நாடுகளில் டெலிபோன் கம்பெனிகள் டிராம் கம்பெனிகளோடு சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் பேசாமல் இரண்டாவது கம்பியை இழுத்தன. இரண்டையும் பின்னல் போல முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று ரத்து செய்துவிடும் என்றும் கண்டுகொண்டார்கள். மண்ணிலிருந்து சேதியைப் பிரித்த முதல் விவாகரத்து இது.

இனி ஆலைக்கு வருவோம். அங்கே மின்சாரத்துக்கு முன்னால் காற்று ஆண்டது. மெல்லிய செம்புக் குழாயில் அழுத்திய காற்று. தொட்டி காலி என்றால் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு. நிறைந்தால் 15. நடுவில் எல்லாம் நடுவில். காலிக்கு ஏன் 0 வைக்கவில்லை? இங்கேதான் சூட்சுமம். 0 என்று வைத்தால், தொட்டி காலியா, குழாய் உடைந்துவிட்டதா, காற்றுப் பம்ப் நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? மூன்றாவது வந்தால் கருவி உயிரோடிருந்து 'காலி' என்று சொல்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் சொல்ல ஆளே இல்லை. வீட்டுக்கு போன் பண்ணி, அம்மா எடுத்து 'ஒண்ணும் விசேஷம் இல்லை' என்று சொல்வதற்கும், யாருமே போனை எடுக்காமலிருப்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதற்குத்தானே நாம் பஸ் ஏறுவோம்?

காற்றில் ஒரு குறை. மெதுவாகப் போகும். குழாய் நீளமானால் சேதி வந்து சேர்வதற்குள் தொட்டி வழிந்துவிடும். டிரான்சிஸ்டர் வந்தபின் 1950களிலும் 60களிலும் கம்பெனிகள் காற்றை விட்டு மின்சாரத்துக்கு மாறின. ஒருவர் 10 முதல் 50 மில்லிஆம்பியர் என்றார், இன்னொருவர் வேறொன்று. கடைசியில் ஜெயித்தது 4 முதல் 20. 1970களில் அமெரிக்கக் கருவியியல் சங்கம் அதைத் தரமாக எழுதியது. பிறகு சர்வதேசத் தரமும் ஆனது. 3க்கும் 15க்கும் என்ன விகிதமோ அதேதான் 4க்கும் 20க்கும், ஒன்றுக்கு ஐந்து. காற்றுக் கருவிகள் செத்துப்போனாலும் அவற்றின் புத்தி கம்பிக்குள் குடியேறிவிட்டது.

இன்னொரு அழகும் உண்டு. பெரும்பாலான கருவிகளுக்குத் தனியாகக் கரண்ட் சப்ளை கிடையாது. சேதி போகிற அதே இரண்டு கம்பியில்தான் சாப்பாடும் வருகிறது. அந்த 4 மில்லிஆம்பியருக்குள் கருவி தன் வயிற்றைக் கழுவிக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் 16தான் பேச்சு.

நம்மூர்க்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம். சின்னசாமி ராஜம் 1949ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது, விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸோடு நாலாவதாக ஒரு படிப்பு வைத்தார். கருவித் தொழில்நுட்பம். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்றே அப்போது ஜனங்களுக்குத் தெரியாது. விமானப் படிப்பில் கலாம், எலெக்ட்ரானிக்ஸில் சுஜாதா என்று மற்ற வகுப்புகள் பேர் வாங்கிவிட்டன. கருவிப் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஆலைகளுக்குப் போய்விட்டார்கள்.

சரி, ஏன் வோல்ட்டேஜ் இல்லாமல் கரண்ட்? கொல்லிமலையில் ஒரு மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்குக் கத்திச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் கூடக் கூடக் குரல் தேயும். காற்று அடித்தால் பாதி காணாமல் போகும். வோல்ட்டேஜ் அப்படி. கம்பி நீளமானால் வழியிலேயே கொஞ்சம் தின்றுவிடும். கரண்ட் கும்மி மாதிரி. கை கோர்த்து வட்டமாகச் சுற்றுகிறார்கள். வட்டம் சின்னதோ பெரிதோ, ஒருத்தி ஓரடி வைத்தால் எல்லாரும் ஓரடி வைத்தாக வேண்டும். வட்டத்தில் எங்கே நின்று அளந்தாலும் ஒரே வேகம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 18 ஓம் தடை கொடுக்கும். போக வர 36. 24 வோல்ட் சப்ளையில் கருவிக்குப் பாதியை விட்டுக்கொடுத்தாலும் மீதி 12 வோல்ட் 600 ஓம் வரை தாங்கும். கடைசியில் கன்ட்ரோல் பேனலில் 250 ஓம் தடை ஒன்றை வைத்து, அதன் குறுக்கே 1 முதல் 5 வோல்ட்டாக அளந்துகொள்கிறார்கள். காற்றும் மழையும் இப்படி ஒழிந்தன.

கும்மி வட்டம் முழுசாக இருக்கிற வரைதான் இந்தக் கணக்கு.

இப்போது நிலம். 'எர்த்' என்று சொல்லும்போதே நம் மனசில் அது ஒன்றுதான், எல்லா இடத்திலும் ஒரே பூஜ்யம் என்று ஒரு நினைப்பு. பூமி ஒன்றுதான். எர்த் ஒன்று அல்ல. வீடு கட்டும்போது பார்த்திருப்பீர்கள். எலெக்ட்ரீஷியன் குழி தோண்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, 'வெயில் காலத்துல ஒரு குடம் தண்ணி ஊத்திருங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போவார். நாமும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். ஈர மண் கரண்ட்டை வாங்கும், காய்ந்த மண் வாங்காது. வண்டல் வாங்கும், பாறை வாங்காது. இதற்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் 3043 என்று ஒரு தனி ஏடு உண்டு. முதலில் 1966ல் வந்தது. கொல்லிமலை மாதிரி பாறை மலையில் நல்ல எர்த் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மேலே இறங்குகிற மின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 30,000 ஆம்பியர். உங்கள் எர்த் 10 ஓம் என்றால், அந்த ஒரு நொடித்துளியில் உங்கள் 'பூஜ்யம்' மூன்று லட்சம் வோல்ட்டுக்குத் தாவி இறங்கும்.

மின்னலை விடுங்கள், தினப்படி மோட்டாரும் வெல்டிங்கும் போதும். தொட்டிக்குப் பக்கத்து மண்ணுக்கும் கன்ட்ரோல் ரூம் மண்ணுக்கும் ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கலாம். வட்டம் ஒரே இடத்தில், பேனலில் மட்டும், மண்ணைத் தொட்டால் பாதகமில்லை. இரண்டாவது இடத்திலும் தொட்டால்? தொட்டியடியில் சேதிக் கம்பியின் காப்பு உரிந்து இரும்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். கருவியின் கரண்ட் அங்கேயே மண்ணில் இறங்கிவிடும். பேனலில் இருக்கும் 250 ஓமின் ஒரு முனையில் தொட்டி மண், மறுமுனையில் பேனல் மண். இரண்டுக்கும் 1 வோல்ட் வித்தியாசம் என்றால் 4 மில்லிஆம்பியர் ஓடும். மீட்டர் 'காலி' என்கும். 3 வோல்ட் என்றால் 12. மீட்டர் 'அரைத் தொட்டி' என்கும். தொட்டிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. மீட்டர் அளப்பது இரண்டு மண்ணுக்கும் நடுவில் இருக்கிற பகையை.

அறுந்த கம்பியைக் கண்டுபிடிக்கத்தான் 4 வைத்தோம். இங்கே கம்பி அறவில்லை. உயிரோடிருக்கிறது, ஆனால் வேறு யாரோ பேசுகிறார்கள்.

இப்படி ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆலையின் பேர் வேண்டாம். கன்ட்ரோல் ரூமில் ஒரு லெவல் மீட்டர், சில நாள் ஒழுங்கு, சில நாள் பேய் பிடித்தது போல் குதிக்கும். கருவியை மாற்றினார்கள். கார்டை மாற்றினார்கள். குதித்தது. ஷிப்டு ஆபரேட்டர் அலுத்துப்போய் மீட்டர் மேல் ஒரு காகிதம் ஒட்டிவிட்டார்: 'இதை நம்ப வேண்டாம்'. ரிட்டயராக ஆறு மாதம் இருந்த ஒரு இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். வந்தவர் டூல்ஸ் பையைத் திறக்கவே இல்லை. டீ வாங்கி வைத்துக்கொண்டு மீட்டருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். பொறுமையிழந்த இளம் இன்ஜினீயர், "என்னண்ணே, சும்மா உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"ஜன்னலைப் பாருங்க தம்பி" என்றார் அவர்.

வெளியே தொட்டியடியில் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்றது. வெல்டிங். வெளிச்சம் வரும்போதெல்லாம் முள் குதித்தது. வெல்டர் தன் எர்த் கிளாம்பைப் பக்கத்தில் போடச் சோம்பல் பட்டு, கைக்கு எட்டின தூணில் மாட்டியிருந்தார். அந்தக் கரண்ட் ஆலையின் இரும்பெல்லாம் சுற்றித் திரும்பியது. தொட்டியடி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், நுழைவாயிலில் கேபிள் நசுங்கி ஒரு கம்பி மினுமினுவென்று பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்றும் கண்டுபிடித்தார். கேபிளைச் சுற்றி ஸ்கிரீன் என்று ஒரு உலோக உறை உண்டு. இரைச்சலை வாங்கிக் கொள்ள. அதைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். மறுமுனையை வெட்டி டேப் சுற்றிவிட வேண்டும். யாரோ புண்ணியவான், 'ரெண்டு பக்கம் எர்த் பண்ணா டபுள் சேஃப்டி' என்று இரண்டு பக்கமும் திருகி வைத்திருந்தார். இரண்டு மண்ணுக்கும் நடுவில் பாலம். நல்ல எண்ணத்தில் நடக்கிற தப்புகள்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம். பெரியவர் அந்தத் திருகைக் கழற்றி, ஸ்கிரீனை வெட்டி, டேப் சுற்றிவிட்டு, மீதி டீயைக் குடிக்கப் போனார்.

மீட்டர் அன்றே ஒழுங்காகிவிட்டது. காகிதம் மட்டும் ரொம்ப நாள் அப்படியே இருந்தது. ஆபரேட்டர் கிழிக்க மறுத்தார். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாங்க" என்பார். எனக்கு அந்த மீட்டரைவிட அந்தக் காகிதம்தான் பயம் தந்தது.

ஏன் என்று சொல்கிறேன். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, போபால். 610ஆம் எண் டாங்க்கில் அழுத்தம் 10.20க்கு 2 பவுண்டு. ஷிப்டு மாறி 11 மணிக்குப் பார்க்கும்போது 10 பவுண்டு. ஐந்து மடங்கு! ஆனால் 2லிருந்து 25 வரை சாதாரணம் என்று பழக்கம். அந்த ஆலையின் மீட்டர்கள் சரியாகக் காட்டாது என்பதும் பழக்கம். குளிர்பதனத்தை நிறுத்தி வைத்திருந்ததால் வெப்ப அலாரமும் உபயோகத்தில் இல்லை. அங்கே நடந்தது ஒயரிங் தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே நடந்த தப்புகளின் பட்டியல் நீளம், அதில் காசு மிச்சம் பிடித்ததுதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் மீட்டர் உண்மையைச் சொன்ன ஒரு ராத்திரியில், நம்புவதற்குப் பழகிய ஆள் அங்கே இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மீட்டர் உண்மை சொல்லும்போதும் பொய்யர்தான்.

1969ல் அமெரிக்காவில் மோடிகான் கம்பெனியின் 084 என்ற பெட்டி வந்தது. ஆலைக்கான கம்ப்யூட்டர், இன்று பி.எல்.சி. என்கிறோம். கார் கம்பெனியில் அலமாரி அலமாரியாக இருந்த ரிலேக்களை வேலையை விட்டு அனுப்பிய பெட்டி. முதலில் ஆன், ஆஃப் மட்டும்தான் தெரியும். பிறகு நாலு முதல் இருபதையும் படிக்கக் கற்றுக்கொண்டது. அதனால் ஒரு புதுத் தலைவலி. பழைய முள் மீட்டர் கொஞ்சம் மந்தம். நொடிக்கு ஐம்பது தடவை கரண்ட் நடுங்கினாலும் முள் கண்டுகொள்ளாமல் நடுவில் நிற்கும். தாத்தாவுக்குப் பாதி காது கேட்காது என்பதால் வீட்டில் சண்டை வராத மாதிரி. பி.எல்.சி.க்குப் பாம்புக் காது. நொடிக்குப் பல தடவை படிக்கும், ஒவ்வொரு நடுக்கத்தையும் நிஜம் என்று நம்பி வால்வைத் திறந்து மூடும்.

அதற்கு மருந்தாக வந்தது ஐசோலேட்டர். தீப்பெட்டி மாதிரி சின்னப் பெட்டி. ஒரு பக்கம் வாங்கின கரண்ட்டை வெளிச்சமாகவோ காந்தமாகவோ மாற்றி, மறுபக்கம் புதிதாக அதே அளவு கரண்ட்டை உண்டாக்கும். நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது. இந்தப் பக்கத்து மண்ணும் அந்தப் பக்கத்து மண்ணும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் சேதி மட்டும் போகும். சண்டை போட்ட சம்பந்திகளுக்கு நடுவில் போகிற தரகர். வாங்குகிற இலாகாவில் எப்போதும் முதலில் வெட்டுப்படுகிற ஐட்டமும் இதுதான், விலையைப் பார்த்து.

மேட்டூர் உருக்காலை 2008 இறுதியில் மூடப்பட்டது. கொல்லிமலை வளைவுகளில் பாக்சைட் லாரிக்கு ஒதுங்கி நின்ற காலமும் போய்விட்டது. இப்போது மலையின் முறை தண்ணீர். மேலே ஓடைகளைத் தடுப்பணை கட்டித் திருப்பிக் கீழே விட்டு 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு மின்வாரியம் கையில் எடுத்தது. அருவிக்கு என்ன ஆகும் என்று மலைவாசிகளுக்குக் கவலை. அது தனியாகப் பேச வேண்டிய கதை. நம் விஷயத்துக்கு ஒன்று மட்டும். மேலே நீர்மட்டம் எவ்வளவு என்று கீழே மிஷின் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். மேலே பாறை மண், கீழே ஆற்று மண், நடுவில் ஐப்பசி இடி. நாலு முதல் இருபதைச் செம்புக் கம்பியில் அவ்வளவு தூரம் இறக்கினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் மேலேயே அதை எண்ணாக்கி, கண்ணாடி இழையில் வெளிச்சமாக அனுப்புகிறார்கள். கண்ணாடி மண்ணோடு பேசாது. ஆனால் தண்ணீருக்குள் தொங்குகிற கருவியிலிருந்து மேட்டில் இருக்கும் பெட்டி வரை உள்ள அந்தச் சில மீட்டர் இன்னும் இரண்டு கம்பிதான். ஸ்கிரீனை எந்தப் பக்கம் வெட்டி டேப் சுற்றுவது என்று அங்கேயும் யாராவது ஒருவர் குனிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.